குமிழை விடாத கை

பட்டறையில் அவளுக்குப் பொறியக்கா என்று பெயர். ஸ்பார்க் மெஷின் ஓட்டுகிறவள் என்பதால் அப்படிக் கூப்பிடுகிறார்கள் என்று வெளியாட்கள் நினைத்துக்கொள்வார்கள். உள்ளே வேலை செய்கிறவர்களைக் கேட்டால் சிரிப்பார்கள். அவளோடு கொஞ்ச நேரம் நின்று பேசிப் பார்த்தால் உங்களுக்கே விளங்கிவிடும். பேசிக்கொண்டிருக்கும்போதே உங்கள் சட்டைக் காலரைச் சரிசெய்வாள். மேஜையில் கோணலாகக் கிடக்கும் ஸ்பேனரை நேராக்குவாள். நீங்கள் ஒரு விஷயத்தைச் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் பிடுங்கி, மீதியை அவளே சொல்லி முடித்து, "சரிதானே?" என்றும் கேட்பாள். பாதி நேரம் சரியாக இருக்காது. ஆனால் அவள் சொன்ன வேகத்தில், நாம் சொல்ல வந்தது இதுதான் போலிருக்கிறது என்று நீங்களே தலையாட்டிவிடுவீர்கள்.

கெட்ட மனசு கிடையாது. அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். கை சும்மா இருக்காது, அவ்வளவுதான். பள்ளிக்கூடத்தில் டீச்சர் சாக்பீஸ் எடுத்துவர அவளைத்தான் அனுப்புவார். அவள் வெளியே போனால்தான் மற்ற பிள்ளைகள் நாலு வரி படிக்க முடியும். கல்யாணமான புதிதில், ஃப்ரிட்ஜ் மெக்கானிக்கான தன் கணவரின் கடைக்குப் போய், சாமான்களையெல்லாம் 'ஒழுங்காக' அடுக்கி வைத்தாள். அந்த மனுஷன் ஒரு மாசம் ஸ்க்ரூடிரைவரைத் தேடினார். ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவர் எப்போதுமே அதிகம் பேச மாட்டார். பேச இவள் இடம் விட்டால்தானே.

பட்டறைக்கு அவள் பாலிஷ் போடத்தான் வந்தாள். எஃகு அச்சுகளைக் கல்லால் தேய்த்துத் தேய்த்துக் கண்ணாடி போல ஆக்கும் வேலை. ஓயாத கைக்கு ஏற்ற வேலைதான். பிறகு ஒருநாள் ஸ்பார்க் மெஷின் ஓட்டிக்கொண்டிருந்தவர் வேறு கம்பெனிக்குப் போய்விட்டார். இனி இதை யாரிடம் கொடுப்பது என்று முதலாளி சுற்றுமுற்றும் பார்த்தபோது, அவள் ஏற்கெனவே மெஷின் முன்னால் போய் நின்று குமிழைத் திருகிக்கொண்டிருந்தாள். சரி, இவளே பார்க்கட்டும் என்று விட்டுவிட்டார்.

அந்த மெஷினைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். பிளாஸ்டிக் வாளி, பேனா மூடி, சுவிட்சுப் பெட்டி என்று வீட்டில் எதைக் கையில் எடுத்தாலும் அது ஓர் எஃகு அச்சுக்குள் உருவாகி வந்ததுதான். அந்த அச்சுகளில் கத்தி நுழைய முடியாத சந்துபொந்துகள் இருக்கும். அங்கேதான் இந்த மெஷின் வேலை செய்யும். வேண்டிய வடிவத்தில் செம்புத் துண்டு ஒன்றைச் செய்து மெஷினின் தலையில் மாட்டி, எண்ணெய்த் தொட்டிக்குள் மூழ்கிக் கிடக்கும் எஃகை நோக்கி இறக்குவார்கள். செம்பு எஃகைத் தொடக் கூடாது. தலைமுடிகூடப் புக முடியாத இடைவெளியில் நிற்க வேண்டும். அந்த இடைவெளியில் மின்பொறி தாவித் தாவி விழும். ஒவ்வொரு பொறியும் எஃகில் கண்ணுக்குத் தெரியாத ஒரு துணுக்கைத் தின்னும். தின்று தின்று, கடைசியில் செம்பின் வடிவம் எஃகில் பள்ளமாக இறங்கிவிடும்.

ரொம்பக் கிட்டப் போனால் பொறி ஒரே இடத்தில் ஒட்டிக்கொண்டு எஃகைக் கருக்கிக் குழியாக்கிவிடும். தள்ளிப் போனால் பொறியே விழாது. இரண்டுக்கும் நடுவே தலையை ஏற்றி இறக்கிக்கொண்டிருப்பது மெஷினே செய்கிற வேலை. எவ்வளவு சுறுசுறுப்பாக ஏற்றி இறக்க வேண்டும் என்பதற்கு முன்பக்கம் ஒரு கருப்புக் குமிழ் இருக்கும். அதை ஓர் இடத்தில் வைத்துவிட்டு மற்ற பட்டறைக்காரர்கள் டீ குடிக்கப் போவார்கள். நம் பொறியக்கா போக மாட்டாள். வேலை தொடங்கியதிலிருந்து முடியும்வரை வலது கை குமிழில் இருக்கும். சத்தம் தகரக் கூரையில் விழும் தூறல் போல ஒரே சீராக இருந்தால் சரி. கொஞ்சம் தடுக்கினாலோ, இழுத்தாலோ, அரைக்கணம் நின்றாலோ அவளுக்குப் பொறுக்காது. உடனே இந்தப் பக்கம் ஒரு திருகு. அது ஒத்துவராவிட்டால் அந்தப் பக்கம் ஒரு திருகு. கட்டைவிரல் ஓரத்தில் காய்ப்பு விழுந்திருந்தது.

"அக்கா, கைய எடுத்தா வெடிச்சிடுமா?" என்று லேத்துக்காரர் கிண்டல் செய்வார்.

"எடுத்துப் பாரு, அப்புறம் தெரியும்" என்பாள்.

எடுத்துப் பார்த்தவர் யாருமில்லை. அவள் விட்டதே இல்லை.

இனி மகன். ஒரே மகன். பேச ஆரம்பித்த காலத்திலேயே திக்க ஆரம்பித்துவிட்டான். அதில் யார் தப்பும் இல்லை, சில பிள்ளைகளுக்கு அப்படி அமைந்துவிடுகிறது. ஆனால் ஒரு வார்த்தை அவன் தொண்டையில் நின்றுபோகும்போது, கழுத்து நரம்பு புடைத்து, கண் பாதி மூடிக்கொள்ளும்போது, பெற்றவளால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. அந்த வார்த்தையை அவளே எடுத்துக் கொடுத்துவிடுவாள். கடையில், பஸ்ஸில், சொந்தக்காரர்கள் நடுவில், எல்லா இடத்திலும். அவன் சிவப்புப் பேனா கேட்க வாயெடுப்பான், அதற்குள் இவள் நீலப் பேனா வாங்கிக் கொடுத்திருப்பாள். நீலத்திலேயே எழுதிப் பள்ளிப்படிப்பை முடித்தான். வளர்ந்து, கம்ப்யூட்டரில் அச்சுகளுக்குப் படம் வரைகிற வேலை கற்றுக்கொண்டு ஒரு சின்ன ஆபீசில் சேர்ந்தான். கெட்டிக்காரன். ஆபீசில் அவனைப் பேசச் சொல்பவர்கள் குறைவு, அதனால் அவனுக்கும் பிடித்திருந்தது.

அவனுக்கு ஒரு பெரிய கம்பெனியிலிருந்து ஃபோனில் நேர்முகத் தேர்வு வந்த நாளில்தான் வினை வந்து சேர்ந்தது.

அன்று அவன் கதவைச் சாத்திக்கொண்டு பேசியிருக்கலாம். வீடு சின்னது; சிக்னல் கிடைப்பது ஜன்னலோரம் மட்டும்தான். இவள் பக்கத்திலேயே துணி தேய்த்துக்கொண்டு நின்றாள். சும்மா நின்றாள் என்றுதான் சொல்வாள். எதிர்முனையில் ஓர் ஆள் முதலில் பெயரைக் கேட்டார். திக்குகிறவர்களுக்குத் தங்கள் பெயர்தான் எமன், அதை மட்டும் வேறு வார்த்தை போட்டு மாற்றிச் சொல்ல முடியாது. அவன் நின்றான். உதடு ஒட்டிக்கொண்டது. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டான். எதிர்முனை "ஹலோ? ஹலோ?" என்றது. அவன் வாய் திறந்து முதல் எழுத்து வெளியே வந்துகொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்து இவள் குனிந்து, ஃபோனுக்குள் அவன் பெயரைச் சொல்லிவிட்டாள். கணீரென்று.

"யாரும்மா பேசறது?" என்றது ஃபோன். "வேலைக்கு வரப்போறது யாரு? நீங்களா, அவரா?"

அந்தப் பக்கம் இன்னொருவர் சிரித்தது கேட்டது. மகன் ஃபோனை அணைத்து மேஜையில் வைத்தான். அவளைத் திரும்பிப் பார்த்தான். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. வெறுமனே பார்த்துவிட்டுத் தன் அறைக்குப் போய்விட்டான். அதோடு அவளிடம் பேசுவதை நிறுத்திவிட்டான்.

சாப்பிட்டாயா என்று கேட்டால் தலையாட்டல். எப்போது வருவாய் என்று கேட்டால் அவள் ஃபோனில் ஒரு செய்தி வந்து விழும், 'ஏழு மணி' என்று. ஒரே வீட்டில், ஒரே கூரைக்குக் கீழே, எட்டடி தூரத்தில் உட்கார்ந்துகொண்டு செய்தி அனுப்புகிற பிள்ளை. இவள் மன்னிப்புக் கேட்காமல் இல்லை. கேட்டுக்கொண்டே இருந்தாள். "தெரியாம சொல்லிட்டேன்டா, உனக்கு உதவி பண்ணலாம்னுதான்டா, கோவமா, சரி கோவம்தான், அம்மா மேல கோவப்படாம வேற யார் மேல படுவே, அந்தக் கம்பெனி போனா போவுது, அதுக்குத்தானே வருத்தம்?" என்று கேள்வியும் பதிலுமாகப் பொரிந்து தள்ளுவாள். அவன் அறைக்கதவு மெல்லச் சாத்திக்கொள்ளும். ராத்திரி அவளுக்குத் தூக்கம் பிடிக்காது. காலையில் பட்டறைக்குப் போய்க் குமிழைப் பிடித்துக்கொள்வாள். முன்னைவிட அதிகமாகத் திருகினாள். இரண்டு அச்சுகளில் குழி விழுந்துவிட்டது. முதலாளி முகம் கறுத்தது.

அந்தச் சமயத்தில்தான் ஒயர்த்தம்பி வந்தான். பக்கத்துக் கல்லூரியில் ஆராய்ச்சி செய்கிறவன். இடைவெளியில் பொறி எப்படி விழுகிறது என்று அளப்பதற்காக முதலாளியிடம் அனுமதி வாங்கி, ஒரு பெட்டியும் ஒரு திரையும் கூடை நிறைய ஒயரும் கொண்டுவந்து மெஷினைச் சுற்றிக் கட்டினான். ஒல்லியான ஆள். எதற்கும் பதறாதவன். கீபோர்டு மேலேயே பிஸ்கட் சாப்பிடுவான். தூள் உள்ளே விழுவதைப் பார்த்து அவளுக்கு உயிரே போகும். அவன் எழுந்துபோன சமயம் பார்த்து இரண்டு தடவை துடைத்தும் வைத்தாள்.

"இதுல என்ன தம்பி பாக்கறே?" என்று கேட்டாள். திரையில் ஒரு கோடு ஏறி இறங்கிக் கிறுக்கிக்கொண்டிருந்தது.

"பொறி ஒவ்வொண்ணும் எப்படி விழுதுன்னு பாக்கறேன் அக்கா. பாருங்க, ஒண்ணு மாதிரி ஒண்ணு இல்ல. ஒரு பொறி விழுந்தா துகள் மிதக்குது, எண்ணெய் சூடாவுது, அடுத்த பொறி விழற இடமே மாறிடுது. ரெண்டு தடவை அச்சு அசலா ஒரே மாதிரி ஆரம்பிச்சாலும் கொஞ்ச நேரத்துல ரெண்டும் வேற வேற வழியில போயிடும். தாறுமாறா தெரியும். ஆனா தாறுமாறு இல்ல, ஒரு எல்லைக்குள்ளதான் சுத்திச் சுத்தி வரும். எங்க பாஷையில இதுக்குக் கேயாஸ்னு பேரு."

"எங்க பாஷையில கோளாறுன்னு பேரு" என்று குமிழைத் திருகினாள்.

அவன் சிரித்தான். மறுநாள் சிரிக்கவில்லை. திரையை அவள் பக்கம் திருப்பி, முந்தைய நாள் முழுக்கப் பதிவான கோட்டைக் காட்டினான். குமிழிலும் ஓர் ஒயரை மாட்டியிருந்தான் போலிருக்கிறது, அது அவளுக்குத் தெரியாது. அவள் திருகிய இடமெல்லாம் சிவப்பாகத் தெரிந்தது.

"இது உங்க கை அக்கா. இங்க, இங்க, அப்புறம் இதோ இங்க. ஒவ்வொரு தடவை நீங்க திருகினதுக்கு அப்புறமும் கோடு இன்னும் பெருசா ஆடுது பாருங்க."

"அது ஆடினதாலதான் நான் திருகினேன்."

"ஆடும். அதோட குணம் அது. தானா அடங்கிட்டுத்தான் இருந்துது. நீங்க கேக்கற சத்தம் நடந்து முடிஞ்சது. நீங்க திருகும்போது அது வேற இடத்துக்குப் போயிருக்கும். முடிஞ்சு போனதுக்கு நீங்க வைத்தியம் பண்றீங்க. அந்தத் திருகே அதுக்குப் புதுசா ஒரு இடி."

பொறியக்காவுக்கு வந்ததே கோபம். நேற்று வந்தவன், ஒரு அச்சைக்கூடத் தொட்டிருக்க மாட்டான், எனக்குச் சொல்லிக்கொடுக்கிறானா! "என் கை இல்லேன்னா இந்த மெஷின் எத்தனையோ தடவை எரிஞ்சிருக்கும்" என்று பட்டறை முழுக்கக் கேட்கும்படி கத்தினாள். லேத்துக்காரர் லேத்தை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார். ஒயர்த்தம்பி இன்னொரு பிஸ்கட்டை எடுத்துக் கடித்தான். அந்த நிதானம்தான் அவளுக்கு இன்னும் எரிச்சல்.

அன்று மாலை வீட்டுக்குப் போனதும் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கணவரிடம் ஆரம்பித்தாள். அந்தப் பயல் இப்படிச் சொன்னான், நான் அப்படிச் சொன்னேன், நீங்களே சொல்லுங்கள், நான் செய்ததில் என்ன தப்பு என்று மூச்சுவிடாமல் கொட்டினாள். அவர் யாருடையதோ ஒரு கம்ப்ரஸரின் மூடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவள் மூச்சு வாங்க நிறுத்திய இடைவெளியில், சம்பந்தமில்லாமல் ஒன்று சொன்னார்.

"பையன் என்கிட்ட நல்லாதான் பேசறான்."

அவளுக்குச் சுரீரென்றது. "எப்ப?"

"தினம்தான். கடைக்கு வரான். படியில உக்காந்து பேசிட்டிருப்போம்."

"உங்ககிட்ட மட்டும் திக்காமப் பேசறானாக்கும்?"

"திக்கறான்" என்றார் அவர். "ஆனா முடிச்சுடறான்."

மூடியைப் புரட்டி மறுபக்கம் துடைக்க ஆரம்பித்தார். அவள் அப்படியே சமையலறைக்குள் போய்க் குழாயைத் திறந்து விட்டுக்கொண்டு நின்றாள். கழுவ வேண்டிய பாத்திரம் ஒன்றுமில்லை. மகன் கடைசியாகத் தன்னிடம் ஒரு வாக்கியத்தை முழுசாகச் சொல்லி முடித்தது எப்போது என்று யோசித்துப் பார்த்தாள். ஃபோன் விவகாரத்துக்கு முன்னால், போன வருஷம், அதற்கும் முன்னால் என்று பின்னோக்கிப் போய்ப் பார்த்தாள். நினைவுக்கு வந்ததெல்லாம் அவள் குரல்தான். அவன் அவளிடம் எதையோ சொல்ல வந்து, அவள் முடித்துவைத்து, அவன் போனால் போகட்டும் என்று தலையாட்டிய நாட்கள்தான் வரிசையாக வந்தன. அவன் நிஜமாகச் சொல்ல வந்தவை என்னென்ன? இப்போது எப்படித் தெரிந்துகொள்வது? பிள்ளை இனி தன்னிடம் பேசவே மாட்டானோ என்று அன்றைக்குத்தான் முதல்முறையாக நிஜமாகவே பயந்தாள்.

மறுநாள் பட்டறைக்குள் நுழைந்ததும் நேராக ஒயர்த்தம்பியிடம் போனாள். "சரி, கைய எடுத்தா என்ன ஆவுதுன்னு பாத்துடலாம்" என்றாள். முகத்தில் கடுகடுப்பு மட்டும் மாறவில்லை.

ஒன்றுக்கும் உதவாத எஃகுத் துண்டு ஒன்றைத் தொட்டியில் வைத்தார்கள். ஒரு பள்ளம் அவள் கையோடு. இன்னொரு பள்ளம் கை இல்லாமல். இரண்டாவதற்கு அவன் ஓர் ஏற்பாடு செய்தான். சத்தம் எப்படி இருந்தாலும் சரி, நன்றாக இருந்தாலும் கெட்டிருந்தாலும், ஒரு மூச்சுக்கு ஒருமுறை தலை தானாக மேலே எழும்பி, துகளை வெளியேற்றிவிட்டு மறுபடி இறங்கும். "கெட்டுப்போறப்ப தூக்கறது இல்ல அக்கா. கெட்டாலும் கெடாட்டாலும் ஒரே தாளத்துல தூக்கறது. அதுதான் அதை அடக்கும்" என்றான். முடிந்ததும் இரண்டையும் துடைத்து விளக்கடியில் வைத்துப் பார்த்தார்கள். அவள் கைபட்ட பள்ளத்தில் கரும்புள்ளிகள் மூன்று நான்கு. மற்றதில் ஒன்றும் கண்ணில் படவில்லை. அவள் அந்தத் துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். வெளியே போய்ச் சொம்பு நிறையத் தண்ணீர் குடித்துவிட்டு வந்தாள்.

நிஜ வேலை அடுத்த வாரம் வந்தது. மருந்து அளந்து குடிக்கும் சின்ன மூடிக்கான அச்சு. அதில் ஆழமான, நகத்தின் கனம்கூட இல்லாத சந்துகள். மற்ற மெஷின்களில் எல்லா வேலையும் முடிந்து கடைசியாக இவளிடம் வந்திருந்தது. இங்கே கருகினால் எல்லாருடைய உழைப்பும் குப்பைக்கு. முதலாளி இரண்டு தடவை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். அவள் செம்பை மாட்டி, நேராக்கி, எண்ணெயை நிரப்பி, குமிழை ஓர் இடத்தில் வைத்தாள். தலை எழும்பி இறங்கும் ஏற்பாட்டைப் போட்டாள். ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தாள். கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

கொஞ்ச நேரம் தூறல் போலச் சத்தம். பிறகு தடுக்கியது. அவள் கை தன்னால் எழும்பியது. இன்னொரு கையால் அதைப் பிடித்துக்கொண்டாள். மறுபடி சீரானது. பிறகு இழுத்தது, 'சர்ர்' என்று. அவள் எழுந்து நின்றாள். உட்கார்ந்தாள். முந்தானையை இறுக்கிச் செருகினாள். ஸ்பேனரை நேராக்கினாள். அதைக் கோணலாக்கி மறுபடி நேராக்கினாள். இருப்புக் கொள்ளவில்லை. காலை ஆட்டிய ஆட்டில் ஸ்டூல் நகர்ந்தது.

ஆழம் போகப் போகச் சந்தில் துகள் சேர்ந்தது. ஒரு கட்டத்தில் சத்தம் சுத்தமாக நின்றுபோனது. போச்சு, எல்லாம் போச்சு, ஒரே ஒரு திருகு, சின்னதாக ஒரே ஒரு திருகு என்று உடம்பு முழுக்கக் கெஞ்சியது. தலை தன் தாளத்தில் மேலே எழும்பியது, இறங்கியது. சத்தம் இல்லை. மறுபடி எழும்பியது, இறங்கியது. ஒற்றையாக ஒரு பொறி 'டிக்' என்றது. பிறகு இன்னொன்று. பிறகு தயங்கித் தயங்கி, திக்கித் திக்கி, அது தன்னாலேயே பழைய தூறலைப் பிடித்துக்கொண்டது.

அவளுக்கு அழுகை வந்துவிட்டது. லேத்துக்காரர் பார்த்துவிடக் கூடாதென்று எண்ணெய்த் தொட்டியைக் குனிந்து பார்ப்பதுபோலப் பாவனை செய்தாள். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற மகன் கண்முன்னால் வந்தான். வாய் திறந்திருந்ததே. முதல் எழுத்து வந்துகொண்டுதானே இருந்தது. இன்னும் ஒரு நொடி, இரண்டு நொடி அவள் பொறுத்திருந்தால் அவன் பெயரை அவனே சொல்லியிருப்பான்.

"எப்பவுமே தானா பிடிச்சுக்குமா தம்பி?" என்று ஒயர்த்தம்பியிடம் கேட்டாள்.

"பெரும்பாலும்."

"பெரும்பாலும்னா?"

"சில சமயம் பிடிக்காது அக்கா. பொய் சொல்லக் கூடாது. ஆனா கை வச்சா அதைவிட அதிகமா கெடும்."

அவன் சொன்னது சரிதான். அச்சை வெளியே எடுத்துத் துடைத்தபோது எல்லாச் சந்தும் சுத்தமாக இருந்தது, ஒன்றைத் தவிர. அதன் அடியில் ஊசிமுனை அளவுக்கு ஒரு கரும்புள்ளி. முதலாளி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். பாலிஷில் போய்விடும் என்றார். பழைய பொறியக்காவாக இருந்தால் அந்தப் புள்ளியை வைத்துக்கொண்டே, பார்த்தாயா நான் சொன்னேனே என்று ஊரைக் கூட்டியிருப்பாள். அன்று மெஷினைத் துடைத்து மூடிவிட்டு வீட்டுக்குப் புறப்பட்டுவிட்டாள்.

வீட்டில் மகன் மட்டும் இருந்தான். கொடியில் காய்ந்த துணிகளை எடுத்து உள்ளே போட்டுவிட்டு, பெரிய போர்வை ஒன்றைத் தனியாக மடிக்கப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு ஆளால் ஆகிற காரியமில்லை. அவள் பையைக் கீழே வைத்துவிட்டு மறுமுனையைப் பிடித்தாள். இருவரும் எதிரெதிரே நின்றார்கள், நடுவில் போர்வை.

"அன்னைக்கு ஃபோன்ல உன் பேரை நான் சொன்னது தப்பு" என்றாள்.

அதோடு நிறுத்திக்கொண்டாள். நிறுத்தியதுதான் கஷ்டம். ஏன் சொன்னேன் என்பதற்கு ஆயிரம் காரணம் நாக்கு நுனியில் வரிசைகட்டி நின்றது. ஒவ்வொன்றையும் விழுங்கினாள்.

அவன் அவளை நிமிர்ந்து பார்த்தான். அடுத்து வரப்போகும் பேச்சுக்காகக் காத்திருப்பது தெரிந்தது. அது வரவில்லை என்றதும் அவன் முகம் கொஞ்சம் குழம்பியது. வாயைத் திறந்தான்.

"உ... உனக்கு..."

நின்றது. கழுத்து நரம்பு புடைத்தது. கண் பாதி மூடியது. அவள் போர்வையின் முனைகளை முறுக்கிப் பிடித்துக்கொண்டாள். உனக்கு என்ன? உனக்கு அறிவில்லையா? உனக்கு ஏன் இந்த வேலை? உனக்கு வேற பொழப்பு இல்லையா? ஒவ்வொன்றும் வாய்வரை வந்தது. அவன் அந்த வார்த்தையை விட்டுவிட்டு மறுபடி ஆரம்பித்தான். மறுபடி நின்றது. தெருவில் ஒரு ஸ்கூட்டர் போய் அதன் சத்தம் தேய்ந்து அடங்கியது.

"உனக்கு, நான் இப்... இப்படிப் பேசறது, அ... அசிங்கமா இருக்காம்மா?"

முடித்துவிட்டான். முழுசாக முடித்துவிட்டான். இத்தனை வருஷமாக அவன் கேட்க வந்து வந்து, அவள் குறுக்கே புகுந்து வேறெதையோ சொல்லி அனுப்பிய கேள்வி இதுதான் என்று அவளுக்குச் சந்தேகமில்லாமல் புரிந்தது. அவள் பதில் சொல்ல வாயெடுத்தாள். வார்த்தை வரவில்லை. நாள் முழுக்க ஓயாத வாய், அதில் ஒரு வார்த்தை வரவில்லை. உதடு துடித்தது. அவன் எடுத்துக் கொடுக்கவில்லை. போர்வையைப் பிடித்தபடி, அவசரமே இல்லாமல், அவள் சொல்லி முடிக்கட்டும் என்று நின்றான்.

"அசிங்கம் இல்லடா" என்றாள் கடைசியில். "பயம். நீ ஒவ்வொரு தடவை நிக்கும்போதும், அப்படியே நின்னுடுவியோன்னு பயம்."

அவன் உதட்டோரத்தில், இத்தனை நாளாகக் காணாத ஒரு சிரிப்பு எட்டிப் பார்த்தது.

"ப... பயந்துக்கோ" என்றான். "அது உன் இஷ்டம். ஆனா, வா... வாய மூடிக்கிட்டுப் பயந்துக்கோ."

அவள் தலையை மட்டும் ஆட்டினாள். அவன் தன் கையிலிருந்த முனைகளைச் சேர்த்துப் பிடித்து, அடுத்த மடிப்புக்காக அவளை நோக்கி நடந்து வந்தான்.